நாவலில் எழுத்துப்பிழை: வாசகருக்கு ஏன் அவ்வளவு எரிச்சல்?

நீங்கள் கேட்டதன் சாரம் இது: கதை நன்றாகத்தான் இருக்கிறது, எழுத்தாளரும் பிடித்தவர்தான், ஆனால் நாலு பக்கத்துக்கு ஒரு எழுத்துப்பிழை கண்ணில் குத்துகிறது, பாதிக்கு மேல் போக முடியவில்லை. நண்பர்களோ "கதையைப் படி, எழுத்தை எண்ணாதே" என்கிறார்கள். எரிச்சல் நியாயமா, இல்லை நான்தான் ரொம்பப் படுத்துகிறேனா? இதற்கு என்னதான் செய்யலாம்?

நியாயம்தான். நாவல்களுக்கு மெய்ப்பு (அச்சுக்கு முந்தைய சோதனைப் பிரதி) பார்ப்பது என் பிழைப்பு, அதாவது பிழையில்தான் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தள்ளிவிடலாம். பிழையைச் சுட்டிக்காட்டுகிறவர்கள் எல்லோரும் இலக்கணப் புலிகள், கதையை ரசிக்கத் தெரியாதவர்கள் என்று ஒரு கிண்டல் ஓடுகிறது. அது தப்பு. கதை இழுத்துக்கொண்டு போகும்போது பாதிப் பிழைகள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு பிழை கண்ணில் பட்டது என்றால், அது அந்த இழுப்பை அறுத்துவிட்டது என்று பொருள். படிக்கும்போது கண் வரிமேல் சீராக ஓடுவதில்லை, தாவித் தாவித்தான் போகிறது. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நிற்கும், அப்புறம் அடுத்த இடத்துக்குத் தாவும். பழகிய சொல்லை நாம் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை, ஒரே பார்வையில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். எதிர்பார்த்த சொல் அங்கே இல்லை என்றால் கண் பின்னால் திரும்பிப் போய் மறுபடி பார்க்கிறது. அந்தத் திரும்புதல்தான் உங்களுக்கு உறுத்துகிறது. அரை நொடிதான், ஆனால் அந்த அரை நொடியில் நீங்கள் கதைக்கு வெளியே, கையில் ஒரு காகிதக் கட்டோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

ஒரு பிழை யாரையும் விரட்டுவதில்லை. மூன்றாவது நான்காவது பிழையில் வேறொன்று நடக்கிறது: வாசகரின் வேலை மாறிவிடுகிறது. இதுவரை என்ன நடக்கப்போகிறது என்று தேடிக்கொண்டிருந்த கண், அடுத்த பிழை எங்கே என்று தேட ஆரம்பிக்கிறது. கேட்காமலே உங்களை மெய்ப்புத் திருத்துநர் ஆக்கிவிட்டார்கள், அதுவும் சம்பளம் இல்லாமல். இந்தப் பார்வை ஒருமுறை வந்துவிட்டால் லேசில் போகாது. எனக்கு அது தொழில், நாளெல்லாம் அப்படித்தான் படிக்கிறேன், அதில் எவ்வளவு குறைவாகக் கதை உள்ளே போகிறது என்று எனக்குத் தெரியும். முந்நூறு பக்கம் மெய்ப்புப் பார்த்து முடித்த பிறகு, கதாநாயகி கடைசியில் யாரோடு போனாள் என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நாவலை ஆசைப்பட்டு எடுத்தவரை அந்த நிலைக்குத் தள்ளுவது பெரிய நஷ்டம். வாசகர் தன் எரிச்சலுக்கு "பிழை" என்று பெயர் வைக்கிறார், ஆனால் அவர் பறிகொடுத்தது கதைக்குள் இருந்த இடத்தை.

சரி, எல்லாப் பிழையும் ஒரே மாதிரி வலிக்குமா என்றால், இல்லை. "வந்தான்" என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போய் "வநதான்" என்று அச்சாகியிருந்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள். கை தவறியது என்று தெரிகிறது, கண் தானே திருத்திக்கொள்கிறது. தமிழில் பெரிய ஆபத்து, தப்பாக எழுதினாலும் இன்னொரு சரியான சொல் ஆகிவிடுகிற இடங்கள். ர-ற, ல-ள-ழ, ந-ன-ண. முப்பது பக்கமாக ஒரு தகப்பன் நோயில் கிடக்கிறார், மகள் இரவும் பகலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், எழுத்தாளர் பொறுமையாகக் கட்டிக் கொண்டுவந்து கடைசியில் தனிப் பத்தியாக ஒரே ஒரு வரி வைக்கிறார்: "விடியும் முன்பே அப்பா இரந்துவிட்டார்." முடிந்தது. இறப்பதற்கும் இரப்பதற்கும் நடுவில் ஓர் எழுத்து, அந்த எழுத்து விழுந்ததும் செத்துக்கொண்டிருந்த மனிதர் பிச்சை கேட்கப் போய்விட்டார். இருபது வருடம் கழித்தும் அந்த நாவலைப் பற்றிப் பேசினால் வாசகருக்கு அந்த வரிதான் முதலில் ஞாபகம் வரும், சிரிப்போடு. எழுத்தாளர் கேட்டது கண்ணீரை.

இதே ரகம்தான் "மணம் உடைந்து போனாள்", "வழி தாங்காமல் துடித்தான்", "சட்டையில் ரத்தக் கரை", "கொள்ளைப்புறத்தில் கிணறு". சொற்களைத் தனித்தனியாகப் பார்க்கிற கணினிப் பிழைதிருத்தி இவற்றைப் பிடிக்காது, ஏனென்றால் மணம், வழி, கரை, கொள்ளை எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள். தமிழில் பிழைதிருத்தி மென்பொருள் செய்வதே பெரிய பாடு. ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு காலம், எண், பால், வேற்றுமை உருபு, "உம்", "தான்", "ஆவது" என்று ஒட்டிக்கொண்டே போனால் ஆயிரக்கணக்கான வடிவங்கள் வரும். அத்தனையையும் பட்டியல் போட்டு வைக்க முடியாது, விதி எழுதித்தான் சமாளிக்க வேண்டும். அதனால் இந்த ரக மென்பொருள் சரியான சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுவிட்டு, "அப்பா இரந்துவிட்டார்" என்பதைப் பேசாமல் விட்டுவிடும்.

வாசகர்கள் கை தவறியதையும் தெரியாமல் எழுதியதையும் பிரித்துப் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். ஒரே ஓர் இடத்தில் "கன்னத்தில் அரைந்தான்" என்று வந்தால் அச்சுப்பேயின் வேலை என்று விட்டுவிடுவார்கள். அதே நாவலில் மூன்று பேர் மூன்று பேரை "அரைந்தால்", இந்த ஆளுக்கு அறைவதற்கும் அரைப்பதற்கும் வித்தியாசம் தெரியாது போலிருக்கிறதே என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் எழுத்தோடு நிற்காது. நாவலில் வருகிற சட்ட விவரம், மருத்துவ விவரம், பழைய காலத்துச் செய்தி எல்லாவற்றையும் அது தொட்டுவிடும். எழுத்தையே சரிபார்க்காதவர் இதையெல்லாம் எங்கே சரிபார்த்திருக்கப் போகிறார் என்று தோன்றும். தர்க்கப்படி இது நியாயம் இல்லை, எழுத்துப்பிழை விடுகிறவர் நல்ல ஆராய்ச்சிக்காரராக இருக்கலாம். ஆனால் வாசகரின் மனம் அப்படித்தான் வேலை செய்கிறது, அதை மாற்ற முடியாது.

பெயர்ப் பிழையை மட்டும் யாரும் மன்னிப்பதில்லை, மன்னிக்கவும் கூடாது. மூன்று தலைமுறைக் கதை, நாற்பது பாத்திரங்கள், அதில் ஒருவர் "சரவணன்", "சரவனன்" என்று மாறி மாறி வந்தால் வாசகர் முன்பக்கம் போய்ப் பார்க்கிறார், இது வேறு ஆளா? துப்பறியும் நாவலில் இன்னும் மோசம். அங்கே வாசகர் எல்லாவற்றையும் தடயமாகத்தான் படிக்கிறார். முதல் அத்தியாயத்தில் இடது கையில் இருந்த கடிகாரம் எட்டாம் அத்தியாயத்தில் வலது கைக்குப் போனால், ஆகா பிடித்துவிட்டேன் என்று அதை நூறு பக்கம் மனதில் சுமந்துகொண்டு போவார். கடைசியில் அது வெறும் கவனக்குறைவு என்று தெரியும்போது வருகிற கோபம் எழுத்துப்பிழைக் கோபத்தைவிடப் பல மடங்கு. வாசகரின் கவனத்தை வாங்கி வீணடித்த கோபம் அது.

பெயர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. எழுத்தாளர் நாவலை முடித்த பிறகு கதாநாயகனின் பெயரை "ரவி" என்பதிலிருந்து "மது" என்று மாற்ற நினைக்கிறார். கணினியில் ஒரே கட்டளை, எல்லா இடத்திலும் மாற்றிவிடும். மாற்றியும்விடும். "இரவில்" என்ற சொல்லுக்குள் ஒரு "ரவி" ஒளிந்திருக்கிறது, அது "இமதுல்" ஆகும். "செய்தி ஊரெங்கும் பரவியது" என்பது "பமதுயது" ஆகும். இதெல்லாம் கண்ணில் குத்துகிற ரகம் என்பதால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். பிடிபடாதவை "மதுக்கு", "மதுயின்", "மதுயை". ரவிக்கு ஒட்டிய உருபுகள் மதுவுக்கு அப்படியே ஒட்டாது, நடுவில் "வு"வோ "வ்"வோ வர வேண்டும். ஆங்கிலத்தில் பெயரை மாற்றினால் பெயரோடு போய்விடும். தமிழில் பெயர் மாறினால் அதன் வால் முழுக்க மாற வேண்டும். முந்நூறு பக்கத்தில் நானூறு இடம் என்றால் ஏழெட்டாவது தப்பித்து அச்சுக்குப் போகும். வாசகருக்கு "மதுயின்" என்று படித்தால் தட்டச்சு செய்தவர் தூங்கிவிட்டார் என்று தோன்றும். உண்மையில் யாரும் அந்த எழுத்துகளைத் தட்டச்சு செய்யவே இல்லை.

இப்படி வாசகர் நினைக்காத இடத்திலிருந்து வருகிற பிழைகள் நிறைய. பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது சில எழுத்துகள் இடம் மாறிக்கொள்ளும். "கௌரவம்" என்பதில் உள்ள ஔகாரக் குறி பார்வைக்கு "ள" போலவே இருப்பதால் பலர் "கெ", "ள" என்று இரண்டு எழுத்தாகவே அடித்திருப்பார்கள். காகிதத்தில் வித்தியாசமே தெரியாது, மின்னூலில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. பழைய புத்தகத்தைப் படம்பிடித்து எழுத்துணரி வழியாக மின்னூல் ஆக்கினால் துணைக்காலும் "ர"வும் ஒன்றோடொன்று குழம்பும். வரி உடையும் இடத்தில் சொல்லைக் கண்டபடி வெட்டி, புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் முதலில் தனியாக வந்து நிற்கும். இவை எதுவும் எழுத்தாளர் செய்ததில்லை. ஆனால் அட்டையில் பெயர் அவருடையதுதானே, திட்டும் அவருக்கே போகிறது.

"மூன்று பேர் பார்த்தும் இது எப்படி விட்டுப்போச்சு?" என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்நூறு பக்க நாவல், பக்கத்துக்கு இருநூறு சொல் என்றால் 60,000 சொற்கள். ஆயிரத்துக்கு 999 சொல் சரியாக இருந்தாலும், அதாவது எந்தத் தேர்வாக இருந்தாலும் தங்கப் பதக்கம் கொடுக்கிற மதிப்பெண் வாங்கினாலும், 60 பிழை மிச்சம். ஐந்து பக்கத்துக்கு ஒன்று. நீங்கள் பாதியில் மூடிய நாவலின் கணக்குக்கு ரொம்பத் தூரமில்லை அது. வாசகர் முணுமுணுக்காமல் படித்து முடிக்கிற நாவலில் மொத்தமே ஐந்தாறு இருக்கும் என்றால், அங்கே பத்தாயிரத்துக்கு 9,999 சொல் சரியாக இருக்கிறது என்று பொருள். அந்த நிலைக்கு ஒருவர் ஒருமுறை படித்துக் கொண்டுவர முடியாது. வெவ்வேறு ஆட்கள், இடைவெளி விட்டு, வெவ்வேறு விதமாகப் படிக்க வேண்டும்.

எழுத்தாளரால் தன் பிழையைப் பார்க்க முடியாது என்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. அவருக்கு அடுத்த சொல் என்னவென்று தெரியும், அதனால் கண் அங்கே நிற்பதே இல்லை, மனதில் இருப்பதைத் தாளில் பார்த்துவிட்டுப் போய்விடும். இதைத் தந்திரத்தால்தான் வெல்ல வேண்டும். எழுத்துருவை மாற்றி அச்செடுப்பது, வரிக்குக் கீழே அட்டை வைத்து மறைத்துப் படிப்பது, கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கி வருவது, ஒருவர் மூலப் பிரதியை உரக்கப் படிக்க இன்னொருவர் மெய்ப்பைப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னதுதான் பழைய அச்சகங்களின் வழி, இன்றைக்கும் அதற்கு நிகர் இல்லை; ஆனால் இரண்டு பேரின் நேரம் போகும் என்பதால் யாரும் செய்வதில்லை. இன்னொரு வேடிக்கை, பெரிய எழுத்தில் இருக்கும் பிழைதான் அதிகம் தப்பிக்கும். அத்தியாயத் தலைப்பு, பின்னட்டை, பொருளடக்கம். அவ்வளவு பெரிதாக இருப்பதை யாராவது பார்த்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அப்புறம், திருத்தும்போது புதிதாக விழும் பிழைகள்: ஒரு சொல்லைச் சரிசெய்யப் போய்ப் பக்கத்துச் சொல்லின் வாலை அழித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள்.

சில சமயம் ஒட்டுமொத்தக் கோப்பே மாறிப்போகும். அமெரிக்க எழுத்தாளர் ஜோனதன் ஃபிரான்சனின் 'ஃப்ரீடம்' நாவல் 2010 இல் பிரிட்டனில் வெளிவந்தபோது, கடைசித் திருத்தங்கள் செய்த கோப்புக்குப் பதிலாகப் பழைய கோப்பை அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பிரதிகள் விற்ற பிறகுதான் தெரிந்தது. பதிப்பகம் திரும்பப் பெற்றுக்கொண்டு சரியான பிரதி கொடுத்தது. பணமும் ஆளும் உள்ள பெரிய பதிப்பகத்திலேயே இது நடக்கும். அங்கே வாசகர்கள் பொதுவாகச் சமாதானம் ஆனதற்குக் காரணம், நடந்ததை உடனே ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது என்பது என் கணிப்பு. பிழையைவிட, பிழையைச் சொன்ன பிறகும் அடுத்த மூன்று பதிப்பில் அது அப்படியே இருப்பதுதான் ஆளை வெறுப்பேற்றும்.

முன்கூட்டியே மன்னிப்புக் கேட்ட நாவலும் உண்டு. அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசஸ்' 1922 இல் பாரிஸில் வெளியானது. அச்சானது பிரான்ஸின் திஜான் நகரில், அச்சுக் கோத்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் தெரியாத பிரெஞ்சுக்காரர்கள். போதாக்குறைக்கு ஆசிரியர் மெய்ப்பிலேயே பக்கம் பக்கமாகப் புதிதாக எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார். அச்சுப்பிழைகளை வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று முதல் பதிப்பிலேயே பதிப்பாளர் ஒரு குறிப்பு வைத்தார். 1984 இல் ஹான்ஸ் வால்டர் காப்ளர் தலைமையில் வந்த பதிப்பு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்களைச் செய்ததாகச் சொன்னது, அதற்குப் பிறகு அந்தத் திருத்தங்களில் எது திருத்தம் எது புதுப் பிழை என்று அறிஞர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். அந்த நாவலில் வேண்டுமென்றே மொழியை உடைத்திருப்பதால் வாசகருக்கு எது பிழை எது கலை என்றே தெரியாது. பொறுத்துக்கொண்டார்கள். எழுத்தாளர் மேல் நம்பிக்கை மலைபோல இருந்தால் பிழைகூட அர்த்தமாகத் தெரியும்.

இது விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் 1850 இல் எழுதிய 'ஒயிட் ஜாக்கெட்' நாவலில் ஒரு மாலுமி கப்பலிலிருந்து கடலில் விழுகிறான், ஆழத்தில் சுருண்டு கிடந்த ஏதோ ஒரு மீன் அவன்மேல் உரசுகிறது. பிற்காலப் பதிப்பு ஒன்றில் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து மாறி (coiled என்பது soiled ஆகி), சுருண்ட மீன் "அழுக்கான மீன்" ஆகிவிட்டது. எஃப். ஓ. மாத்தீசன் என்ற பெரிய விமர்சகர் 1941 இல் வெளியான தன் நூலில் அந்த அழுக்கான மீனை எடுத்து, இப்படி ஒரு படிமம் வேறு யாருக்கு வரும் என்கிற தோரணையில் பாராட்டி எழுதினார். சில வருடங்கள் கழித்து, 1949 இல், அது அச்சுப்பிழை என்று இன்னொருவர் காட்டிக்கொடுத்தார். எழுதியவரின் பெயர் பெரியதாக இருந்தால் "என்ன ஆழம்!" என்கிறோம், முதல் நாவல் எழுதியவராக இருந்தால் "எழுதவே தெரியவில்லை" என்கிறோம்.

ஒரு காலத்தில் தமிழில் பிழை திருத்துவது படிப்பவரின் வேலையாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வித்தியாசம் காட்ட மாட்டார்கள். படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பெயர்த்து எழுதுகிறவர் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஏதாவது சேர்ப்பார். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்று பழமொழியே உண்டு. 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் பாடத்தை முடிவு செய்தார். அந்த வேலையை நமக்காக வேறு யாரோ முடித்துவிட்டார்கள் என்ற உத்தரவாதம்தான் அச்சிட்ட புத்தகம். அந்த உத்தரவாதம் மீறப்படும்போது கோபம் வருகிறது, கைபேசியில் வரும் செய்தியில் நூறு பிழை இருந்தாலும் வருவதில்லை.

இப்போது ஒற்றுக்கு வருவோம், தமிழ் வாசகர்களுக்குள் நிஜமான அடிதடி அங்கேதான். "தந்த பலகை" என்றால் யாரோ கொடுத்த பலகை, "தந்தப் பலகை" என்றால் யானைத் தந்தத்தால் செய்தது. இந்த மாதிரி பொருள் மாறும் இடங்களில் ஒற்று விட்டால் பிழைதான், பேச்சே இல்லை. ஆனால் எங்கே வரவேண்டுமோ அங்கே விட்டுவிடுவதைவிட, எங்கே வரக்கூடாதோ அங்கே போடுவதுதான் இப்போது பெருகியிருக்கிறது. "வந்தப்போது", "படித்தப் புத்தகம்", "செய்தப் பிறகு". ஒற்று மிகவேண்டும் என்று யாரோ பயமுறுத்திவிட்டதால் எல்லா இடத்திலும் ஒரு ப், ஒரு க் போட்டுவிடுகிறார்கள். வந்தபோது, படித்த புத்தகம், செய்த பிறகு என்று சும்மா விட்டாலே சரி. இதைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பல் கடிக்கும். அதற்காக நாவலைத் தூக்கி எறிகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெரும்பாலான வாசகர்களின் கண் ஒற்றில் நிற்பதில்லை, கதையும் அதனால் அறுந்துபோவதில்லை.

"வாழ்த்துகளா வாழ்த்துக்களா", "கோயிலா கோவிலா", "நாள்களா நாட்களா" என்பதெல்லாம் வாசகர் கடிதங்களில் பல தலைமுறையாக ஓடுகிற சண்டை, நான் உள்ளே போகவில்லை. ஒரே நாவலில் இரண்டும் மாறி மாறி வராமல் இருந்தால் போதும். "சுவற்றில்" மட்டும் வேண்டாம். சுவர், சுவரில், அவ்வளவுதான்.

பிழை இல்லாததைப் பிழை என்று எண்ணுவதும் நடக்கிறது. உரையாடலில் ஒருவன் "நெனச்சேன்" என்கிறான், இன்னொருத்தி "நினைச்சேன்" என்கிறாள். இது அலட்சியம் இல்லை, இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள் என்று காட்டுகிறார் எழுத்தாளர். வட்டார வழக்கில் எழுதிய நாவலைப் பாடப்புத்தகத் தமிழை வைத்து அளந்தால் பக்கத்துக்கு ஐம்பது பிழை கிடைக்கும். இதற்குத் தலைகீழான கொடுமையும் உண்டு. இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு பெண் தன் மகனுக்குக் கடிதம் எழுதுகிறாள், எழுத்தாளர் அதில் வேண்டுமென்றே பிழைகளை வைத்திருக்கிறார், அந்தப் பிழைகளில்தான் அவள் இருக்கிறாள். உற்சாகமான ஒரு மெய்ப்புத் திருத்துநர் கையில் அது சிக்கினால், ல-ள-ழ எல்லாம் சரியாகி, ஒற்றெல்லாம் மிகுந்து, தமிழாசிரியை எழுதிய கடிதமாக வெளியே வரும். என்னைக் கேட்டால் பிழைகளிலேயே பெரிய பிழை இது. எந்த வாசகரும் இதைப் பற்றிப் புகார் எழுத மாட்டார், ஏனென்றால் அவருக்குத் தெரியவே தெரியாது.

உங்கள் நண்பர்கள் விஷயம். ஒரே பக்கத்தைப் படித்த இரண்டு பேரில் ஒருவருக்கு உறுத்துவதும் இன்னொருவருக்கு உறுத்தாததும் படிப்பறிவைப் பொறுத்தது மட்டும் இல்லை. 2016 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர்கள் இருவர் 83 பேரிடம் சில மின்னஞ்சல்களைக் கொடுத்து, எழுதியவரை எடைபோடச் சொன்னார்கள், சிலவற்றில் வேண்டுமென்றே பிழைகள். வெளியே கலகலப்பாகப் பழகுகிறவர்களைவிட ஒதுங்கி இருப்பவர்கள் பிழை செய்தவரைக் கடுமையாக மதிப்பிட்டார்கள். அனுசரித்துப் போகிற சுபாவம் குறைந்தவர்களுக்கு இலக்கணப் பிழை அதிகம் உறுத்தியது. இது மின்னஞ்சலை வைத்துச் செய்தது, நாவலுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் "கதையைப் படி" என்று உங்களிடம் சொல்கிறவர்கள் சகிப்புத்தன்மையைப் பழகிக்கொண்டவர்கள் இல்லை, அவர்கள் கண் வேறு மாதிரி என்பது இதிலிருந்தும் கொஞ்சம் புரியும். உங்களைத் திருத்த அவர்களால் முடியாது, அவர்களை உங்களாலும் முடியாது.

பிழையால் எல்லோருக்கும் நஷ்டம் என்றும் சொல்ல முடியாது. முதல் ஹாரி பாட்டர் நாவலின் 1997 ஆம் ஆண்டு முதல் அச்சில், 53 ஆம் பக்கத்தில், பள்ளிக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு முறை வரும். அரிய புத்தகம் சேகரிப்பவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஒற்றை நட்சத்திரம் கொடுத்து "பக்கத்துக்குப் பக்கம் பிழை" என்று எழுதுவதில் பயன் குறைவு, எந்தப் பிழை எங்கே என்று யாருக்கும் தெரியாது. பொதுவில் எழுத்தாளரைக் கூப்பிட்டு நிறுத்துவதும் வேண்டாம், பாதி அவர் கையில் இல்லாத விஷயம். பக்க எண், மேலிருந்து எத்தனையாவது வரி, என்ன அச்சாகியிருக்கிறது, என்ன இருக்க வேண்டும், இந்த நான்கையும் எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். பத்துப் பிழை போதும், நூறு தேவையில்லை. பத்தைப் பார்த்தாலே மறுபடி முழுதாகப் படிக்க வேண்டுமா என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். மின்னூல் என்றால் சில கருவிகளில் சொல்லை அழுத்திப் பிடித்து அங்கேயே பிழையைத் தெரிவிக்க வழி இருக்கிறது. முன்பு ஆயிரம் பிரதி ஒரேயடியாக அச்சடித்துவிட்டு, விற்றுத் தீரும்வரை பிழையோடு வாழவேண்டியிருந்தது, அதிகபட்சம் பிழைதிருத்தம் என்று ஒரு துண்டுத் தாளை ஒட்டுவார்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் இன்று கோப்பைத் திருத்தினால் அடுத்து அச்சாகும் பிரதியே சரியாக வரும், அதனால் உங்கள் கடிதத்துக்கு முன்பைவிட இப்போது பலன் அதிகம். கூடவே எத்தனையாவது பதிப்பு, எந்த வருடம் என்று உள்பக்கத்தைப் பார்த்து எழுதிவிடுங்கள். அது இல்லாமல் வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே திருத்திவிட்ட பிழையை அரை நாள் தேடுகிற வேலை என்னைப் போன்ற யாருக்காவது வந்து சேரும்.